கன்னக்கோலும் திறவுகோலும்

பொருளாதாரம் கற்பித்த ஒருவனிடம் சட்டம் குறித்த கேள்விகள் வருவது அரிது. அண்மையில் அப்படியொரு கேள்வி வந்தது. கேட்டவர் என் பழைய மாணவர். இப்போது வங்கியில் பணிபுரிகிறார். பொறியியல் பயிலும் அவருடைய மகன் இணையவழியில் சிறிய தோலுறை ஒன்றை வாங்கியிருக்கிறான். அதனுள் மெல்லிய எஃகுக் கம்பிகள் பத்துப் பன்னிரண்டு. கூடவே, உள்பாகங்கள் வெளியே தெரியும்படி செய்யப்பட்ட பூட்டு ஒன்று. சாவியின்றிப் பூட்டைத் திறந்து பழகுவதற்கான கருவிகள் அவை. ‘இவற்றைப் பையில் வைத்துக்கொண்டு அவன் விடுதிக்குப் பேருந்தில் போகலாமா ஐயா? வழியில் காவலர் சோதித்தால் என்ன சொல்வது?’ என்பதே அவர் கேட்டது.

‘தாராளமாகப் போகலாம்’ என்றோ, ‘வேண்டவே வேண்டாம்’ என்றோ ஒரு வரியில் முடித்திருக்கலாம். இரண்டும் முழு உண்மை ஆகா. ஒரு கருவியை வைத்திருப்பது மட்டுமே குற்றமாகுமா என்ற பழைய கேள்வி இதற்குள் இருக்கிறது. அதற்கு நாடுகள் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளன.

சாவியின்றிப் பூட்டைத் திறப்பதைப் புதிர் விளையாட்டாகக் கொள்வோர் பல நாடுகளில் உள்ளனர். ஜெர்மனியில் இதற்கென 1997-இல் ஒரு சங்கமே தொடங்கப்பட்டது. நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் இத்தகைய அமைப்புகள் உண்டு, போட்டிகளும் நடைபெறுகின்றன. இவர்களிடையே இரண்டு விதிகள் கண்டிப்பானவை. பிறருக்குச் சொந்தமான பூட்டை அவர் அனுமதியின்றித் தொடக் கூடாது என்பது முதலாவது. அன்றாடப் பயன்பாட்டில் உள்ள பூட்டில் பழகக் கூடாது என்பது இரண்டாவது.

இந்த விளையாட்டின் சுவை பூட்டின் அமைப்பில் இருக்கிறது. இன்று கதவுகளில் பெரிதும் காணப்படும் உருளைப் பூட்டுக்கு நவீன வடிவம் தந்தவர் அமெரிக்கரான லைனஸ் யேல். 1860-களில் அதற்குக் காப்புரிமை பெற்றார். உருளைக்குள் சிறு உலோக முளைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றையும் ஒரு சுருள்வில் அழுத்திக்கொண்டிருக்கும். சரியான சாவி நுழைந்தால் எல்லா முளைகளும் உரிய உயரத்திற்கு எழும், உருளை சுழலும். ஆனால், எவ்வளவு தேர்ந்த தொழிற்சாலையிலும் எல்லாத் துளைகளும் இம்மியும் பிசகாமல் அமைவதில்லை. உருளையைச் சற்றே முறுக்கிப் பிடித்தால் ஏதேனும் ஒரு முளை மற்றவற்றுக்கு முன்பாக இறுகும். அதைத் தேடி உயர்த்தி, அடுத்ததற்குச் செல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பிழையை விரல்நுனியால் உணரும் பயிற்சி இது.

தமிழில் கன்னக்கோல் என்றொரு சொல் உண்டு. சுவரில் துளையிட்டு வீடு புகும் திருடனின் கருவி அது. அதற்கு வேறு பயன் இருக்கக்கூடும் என்பதற்கே அச்சொல்லில் இடமில்லை. கள்ளச்சாவி என்பதும் அப்படியே. பெயரிலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. கடப்பாரை என்ற சொல்லில் அத்தகைய தீர்ப்பு இல்லை. கடப்பாரை கதவையும் பெயர்க்கும், கிணற்றையும் வெட்டும். அந்த மாணவனின் பையில் இருப்பது கன்னக்கோலா, கடப்பாரையா என்பதில்தான் சட்டங்கள் வேறுபடுகின்றன.

முதல் வகைச் சட்டம் நோக்கத்தைப் பார்க்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத் தண்டனைத் தொகுப்பின் 466-ஆவது பிரிவு, பூட்டுத் திறக்கும் கம்பி முதலான கருவிகளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆயினும், குற்றம் செய்யும் எண்ணத்துடன் உள்ளே புக அவற்றை வைத்திருந்தால்தான் தண்டனை. அந்த எண்ணத்தை மெய்ப்பிக்க வேண்டியது அரசுத் தரப்பின் பொறுப்பு.

இரண்டாவது வகை, நோக்கத்தை ஊகித்துக்கொள்கிறது. அதே அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலச் சட்டமும் குற்ற நோக்கத்தைக் கேட்கிறது. ஆனால், உரிமம் பெற்ற வணிகர் அல்லாத ஒருவரிடம் வீடு புகுவதற்கான கருவி இருந்தால், அதுவே அந்த நோக்கத்திற்கு முதல்நோக்குச் சான்று என்று அது சேர்த்துச் சொல்கிறது. மறுத்துரைக்க வேண்டிய சுமை பிடிபட்டவர் தோளுக்கு வந்துவிடுகிறது.

இங்கிலாந்தின் 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டமும் இதற்கு அருகிலேயே நிற்கிறது. தன் இருப்பிடத்திற்கு வெளியே, திருட்டுக்கோ வீடு புகுதலுக்கோ பயன்படுத்தும் பொருளைக் கொண்டிருப்பவருக்கு 3 ஆண்டு வரை சிறை என்கிறது அதன் 25-ஆவது பிரிவு. அக்குற்றங்களுக்கென்றே செய்யப்பட்ட பொருளாயின், அதை வைத்திருந்ததே சான்றாகக் கொள்ளப்படும். வீட்டு மேசைமீது வைத்துப் பழகுபவரை அப்பிரிவு தொடுவதில்லை. வாசலைத் தாண்டியதும் கேள்வி எழுகிறது.

மூன்றாவது வகைக்கு ஜப்பான் எடுத்துக்காட்டு. கம்பியால் பூட்டைத் திறந்து வீடு புகும் திருட்டுகள் அங்கே பெரும் கவலையாக வளர்ந்த நிலையில், 2003-இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. தொழில் அல்லது வேறு தக்க காரணம் இன்றி இத்தகைய சிறப்புக் கருவிகளை வைத்திருந்தாலே ஓராண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். வீட்டில் இருந்தாலும் வெளியில் இருந்தாலும் தடை ஒன்றுதான். வெறும் பொழுதுபோக்கு தக்க காரணமாக ஏற்கப்படும் என்று நம்பி அங்கே யாரும் கருவி வாங்க இயலாது.

இவற்றுக்கிடையே ஸ்காட்லாந்து வேறொரு வழியைத் தேர்ந்தது. 1982-ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, திருட்டுக்காக ஏற்கெனவே இருமுறையேனும் தண்டிக்கப்பட்டவரிடம் ஐயத்திற்குரிய கருவி இருந்தால்தான் விளக்கம் சொல்லும் சுமை அவரைச் சேரும். மற்றவர்களுக்கு அந்தச் சுமை இல்லை.

இந்தச் சட்டங்களின் வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உள்ளது. நெப்போலியனுடனான போர்கள் முடிந்து, வேலையற்ற படைவீரர்களும் வறியவர்களும் தெருவில் அலைந்த காலத்தில், 1824-இல் அலைந்து திரிவோருக்கான சட்டம் வந்தது. வீடு புகும் எண்ணத்துடன் பூட்டுத் திறக்கும் கருவியையோ கடப்பாரையையோ வைத்திருப்பவரும் அதில் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டார். 1861-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம் மேலும் ஒரு படி சென்றது. இரவில் சட்டப்படியான காரணமின்றி இக்கருவிகளை வைத்திருப்பதே குற்றம். காரணத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு வைத்திருப்பவருடையது என்றது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டம் குற்றத்திற்கான ஆயத்தத்தைப் பொதுவாகத் தண்டித்ததில்லை. கூட்டுக் கொள்ளைக்கான ஆயத்தம், கள்ள நாணயம் அடிக்கும் கருவிகளை அதற்கெனவே வைத்திருத்தல் போன்ற சிலவே விதிவிலக்குகள். பூட்டைத் திறப்பது அதில் இடம்பெற்றது வீடு உடைத்தல் என்ற குற்றத்தின் விளக்கத்தில்தான். அத்துமீறி நுழைவதற்காகப் பூட்டைத் திறந்தால் அது வீடு உடைத்தல். வீட்டுக்காரர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்து, அதைக்கொண்டே திறந்து அத்துமீறி நுழைந்தாலும் அது வீடு உடைத்தலே என்று அச்சட்டமே ஓர் எடுத்துக்காட்டைத் தந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 330-ஆவது பிரிவும் இந்த வரையறையைத் தொடர்கிறது. அதாவது, திறந்தது எதைக்கொண்டு என்பது பொருட்டல்ல. எதற்காக என்பதே பொருட்டு.

ஆனால், கதை இத்துடன் முடியவில்லை. காவல் துறை மாநிலப் பட்டியலில் உள்ளது. பம்பாய் மாநிலத்தில் 1951-இல் இயற்றப்பட்டு, இன்றும் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் வழங்கும் காவல் சட்டத்தின் 122-ஆவது பிரிவைப் பார்க்கலாம். சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரையிலான நேரத்தில், சட்டப்படியான காரணமின்றி வீடு உடைக்கும் கருவியை வைத்திருப்பது அதன்படி குற்றம். காரணத்தை மெய்ப்பிக்கும் சுமை பிடிபட்டவருடையது. 1861-இன் ஆங்கிலேயச் சட்ட வாசகம் நாடு விடுதலை பெற்ற பின்னும் நம்மிடம் தங்கிவிட்டது.

ஆகவே, மாணவரின் மகனுக்கான விடை இதுதான். தன் சொந்தப் பூட்டில் பழகுவதை நாட்டின் பொதுத் தண்டனைச் சட்டம் குற்றம் என்று சொல்லவில்லை. ஆனால், நள்ளிரவில் பேருந்து நிலையத்தில் அந்தத் தோலுறையுடன் நிற்பவன், தான் செல்லும் மாநிலத்தின் காவல் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும், எதிரே நிற்கும் காவலர் தன் சொல்லை நம்புவாரா என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இந்த ‘நம்புவாரா’ என்பதில்தான் என் கவலை இருக்கிறது. எந்தச் சட்டமும் இருவகைத் தவறுகளுக்கு இடமளிக்கும். குற்றவாளி தப்புவது ஒன்று; குற்றமற்றவர் சிக்குவது மற்றொன்று. மெய்ப்பிக்கும் சுமையை இடம் மாற்றும்போது முதல் தவறு குறைகிறது, இரண்டாவது கூடுகிறது. கூடும் அந்த விலையை யார் செலுத்துகிறார்கள் என்பதே பொருளாதாரம் கேட்க வேண்டிய கேள்வி.

வங்கி அதிகாரியின் மகன் கல்லூரி அடையாள அட்டையைக் காட்டுவான். தந்தைக்குத் தொலைபேசியில் சொல்வான். கருவி வாங்கிய ரசீது கைப்பேசியிலேயே இருக்கும். அவனுடைய ‘தக்க காரணம்’ ஐந்து நிமிடத்தில் ஏற்கப்பட்டுவிடும். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்திற்கு வெளியே, குடையின் கீழ் அரமும் சாவிக் கொத்துமாக அமர்ந்திருக்கும் பெரியவரை நினைத்துப் பாருங்கள். சாவியைத் தொலைத்துவிட்டு நான் வாசலில் நின்ற ஓர் இரவில், ஒற்றைக் கம்பியால் இரண்டே நிமிடத்தில் கதவைத் திறந்து கொடுத்தவர் அவர். அந்தக் கம்பியுடன் இரவு பத்து மணிக்கு அவர் தனியே நடந்துதான் வீடு திரும்பினார். அவரிடம் உரிமமும் இல்லை, ரசீதும் இல்லை. அவரைத் தடுத்து நிறுத்தினால், அவருக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

சட்டத்தின் வாசகம் இருவருக்கும் ஒன்றுதான். அதற்கு விளக்கம் சொல்ல ஆகும் செலவு ஒன்றல்ல. ஐயத்தை மனிதரின் செயலிலிருந்து பிரித்து அவருடைய பிறப்பின்மீதே சுமத்திய குற்றப்பரம்பரைச் சட்டத்தை 1871 முதல் 1952 வரை சுமந்த நாடு இது. ஐயம் எளியவர்மீதே முதலில் இறங்கும் என்பதை நமக்குப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பூட்டைத் திறக்கும் கலை பரவினால் திருடருக்கு வசதியாகிவிடாதா என்று கேட்பது நியாயமே. ஜப்பானின் கவலை கற்பனையன்று. ஆயினும், இந்த அறிவால் பயன்பெறுவோர் திருடர்கள் மட்டுமல்லர்.

ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1970-இல் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். பின்னர் 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாதபோது, நல்ல பொருளுக்கு உரிய விலை கிடைக்காது. மட்டமான பொருளே சந்தையை நிரப்பும் என்பது அதன் சாரம். பூட்டுச் சந்தை இதற்குப் பொருத்தமான இன்னொரு எடுத்துக்காட்டு. கடையில் ஒரு பூட்டைக் கையில் எடுத்தால் நமக்குத் தெரிவது அதன் எடை, பளபளப்பு, ‘7 லீவர்’ என்ற பொறிப்பு ஆகியவையே. புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுக்கும், அதைப்போல் தோற்றமளிக்கும் மலிவான பூட்டுக்கும் உள்ளே உள்ள வேறுபாட்டை நாம் எப்படி அறிவது? திறக்க முயன்று பார்த்த ஒருவர் சொன்னால்தான் உண்டு.

வரலாறும் இதையே காட்டுகிறது. லண்டனில் பிராமா நிறுவனம், தன் பூட்டைச் சாவியின்றித் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்துக் கடைச் சாளரத்தில் வைத்திருந்தது. சுமார் 60 ஆண்டுகள் அது திறக்கப்படவில்லை. 1851-இல், மாபெரும் கண்காட்சிக்காக லண்டன் வந்திருந்த ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், புகழ்பெற்ற சப் நிறுவனப் பூட்டை அரை மணி நேரத்திற்குள் திறந்தார். பின்னர் 16 நாள்களில் ஏறத்தாழ 51 மணி நேரம் உழைத்து பிராமா பூட்டையும் திறந்துவிட்டார். நாடே அதிர்ந்தது. இத்தகைய ரகசியங்களை வெளியிடலாமா என்ற கண்டனம் எழுந்தது. திருடர்கள் தங்கள் தொழிலை ஏற்கெனவே நன்கறிவார்கள். அறியாமல் இருப்பவர்கள் நேர்மையானவர்களே என்பது ஹாப்ஸ் தரப்பின் விடை. அதன்பின் பூட்டுகள் மேம்பட்டன.

நம் காலத்திலும் இது நடந்தது. 2004-இல், அமெரிக்காவில் விலையுயர்ந்த மிதிவண்டிப் பூட்டுகள் சிலவற்றைச் சாதாரண பந்துமுனைப் பேனாவின் குழலால் திறக்க முடியும் என்று ஆர்வலர்கள் காணொலியில் காட்டினர். உற்பத்தி நிறுவனம் அந்தப் பூட்டுகளை மாற்றித் தர முன்வந்தது. ஆர்வலர்கள் வாய்மூடியிருந்தால், குறை திருடர்களின் தனிச்சொத்தாகவே இருந்திருக்கும்.

குறையைச் சொன்னவரையே ஐயுறும் மனப்பான்மை எவ்வளவு பழகிப்போனது என்பதற்கு, இயற்பியல் மேதை ரிச்சர்ட் ஃபெய்ன்மன் எழுதிவைத்த தன் அனுபவமே சான்று. அணுகுண்டு ஆய்வுக் காலத்தில், ஓக் ரிட்ஜ் ஆய்வு மையத்தின் உயர் அதிகாரி ஒருவருக்கு, இரகசியக் கோப்புகள் இருக்கும் பெட்டகங்களைத் திறந்தபடி வைத்துப் பணிபுரிவதால் வரும் ஆபத்தை அவர் செய்து காட்டினார். பெட்டகங்களை மூடிவைக்கும்படி அதிகாரி ஆணையிடுவார் என்று எதிர்பார்த்தார். ஆனால், ஃபெய்ன்மன் வந்துபோன அறைகளின் பெட்டக எண்களை மாற்றும்படிதான் ஆணை வந்தது. பூட்டு அப்படியே இருந்தது. ஐயம் மட்டும் மனிதர்மீது விழுந்தது.

இவ்விஷயத்தில் கடுமையான சட்டம் கொண்ட ஜப்பானே நமக்கு ஒரு பாடம் தருகிறது. கருவிகளைத் தடை செய்த அதே 2003 சட்டம், கட்டடங்களுக்கான பூட்டுகள் திருட்டு முயற்சியை எந்த அளவுக்குத் தாங்கும் என்ற விவரத்தை உற்பத்தியாளர் வெளியிடவும் வகை செய்தது. கருவியைப் பூட்டிவைத்தால் மட்டும் போதாது. வாங்குபவருக்குத் தகவலும் வேண்டும் என்பதை அந்நாடு உணர்ந்திருந்தது. தடையைப் பின்பற்றச் சொல்வோர் இந்தப் பாதியை ஏனோ மறந்துவிடுகின்றனர்.

நாம் நாள்தோறும் படிப்பது ‘பூட்டை உடைத்து நகை திருட்டு’ என்ற செய்தியைத்தான். அவசரத்தில் இருக்கும் திருடனுக்கு இரும்புக் கம்பி போதும். முளை முளையாகத் தேடி உயர்த்தப் பொறுமை வேண்டியதில்லை. அதற்காக இரும்புக் கம்பியை நாம் தடை செய்வதில்லை. தடை செய்யவும் முடியாது.

நோக்கத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசிடமே இருக்க வேண்டும். முன்பே திருட்டுக்காகத் தண்டிக்கப்பட்டவர்களுக்கு ஸ்காட்லாந்தைப்போல் தனி விதி வகுப்பதை வேண்டுமானால் விவாதிக்கலாம். மாநிலக் காவல் சட்டங்களில் எஞ்சியிருக்கும் 1861-இன் வாசகத்தை மறுஆய்வு செய்வது நல்லது. சாவித் தொழிலாளர்களுக்கு உள்ளாட்சி அமைப்புகள் அடையாள அட்டை வழங்கினால், அவர்களின் இரவுப் பயணமேனும் பாதுகாப்பாகும். பூட்டின் உறைமீது, லீவர் எண்ணிக்கையைத் தாண்டி, அதன் உண்மையான தாங்குதிறன் அச்சிடப்பட வேண்டும்.

அந்த மாணவருக்கு நான் சொன்னது எளியது. கருவிகள் வீட்டிலும் விடுதி அறையிலும் இருக்கட்டும். தேவையின்றிப் பையில் சுமக்க வேண்டாம். கொண்டுபோக நேர்ந்தால் பகலில், பழகும் பூட்டுடனும் ரசீதுடனும் சேர்த்துக் கொண்டுபோகட்டும். காவலர் கேட்டால் மறைக்காமல் உள்ளதைச் சொல்லட்டும். பிறர் பூட்டை, நண்பனுடையதே ஆனாலும், அனுமதியின்றித் தொடவே கூடாது. வெளிமாநிலமோ வெளிநாடோ செல்லும்போது, அங்குள்ள சட்டத்தை அறியாமல் எடுத்துச் செல்லக் கூடாது.

இன்னொன்றையும் சொன்னேன். விடுமுறையில் ஊருக்கு வரும்போது, குடையின் கீழ் அமர்ந்திருக்கும் அந்தப் பெரியவரிடம் பையன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளட்டும். இருவர் கையிலும் இருப்பது ஒரே கம்பி. ஒருவர் கையில் அது திறவுகோலாகவும் மற்றவர் கையில் கன்னக்கோலாகவும் தெரியுமானால், கோளாறு கம்பியில் இல்லை. நம் பார்வையில் இருக்கிறது.